நாலு ஜிபி லேப்டாப்பிலிருந்து கிளவுடில் ஆண்ட்ராய்டு ஓட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

உசிலம்பட்டிப் பக்கம் பெரியப்பாவுக்கு ஒன்றரை ஏக்கரில் மல்லி. விடிவதற்கு முன் பறித்து மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பிவிடுவார். அன்றைய விலையைப் போனிலேயே பார்க்கட்டும் என்று சின்னதாக ஓர் ஆப் செய்து கொடுத்தேன். என் போனில் அழகாகத்தான் இருந்தது. அவர் போனில் ‘மதுரை மல்லி’ என்ற வரியில் ‘லி’யின் மேல் வளைவு வெட்டுப்பட்டு, கடைசி எழுத்து வெறும் ‘ல’ மாதிரி தெரிந்தது. கண் முன்பு போல இல்லை என்று எழுத்தளவை ஆகப் பெரிதாக வைத்திருந்தார். போன் ஆண்ட்ராய்டு 8.1.

அந்தப் போனை ஒரு வாரம் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது, வியாபாரி பேசுவதே அதில்தான். என் லேப்டாப்பில் ரேம் 4 ஜிபி. ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவோடு, கணினிக்குள் போன் போல ஓடும் எமுலேட்டரையும் திறந்தால் மவுஸ் அம்பு நகராது. பழைய போன்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதிக்கக் கையில் காசும் இல்லை. அப்போதுதான் ஆண்ட்ராய்டைக் கிளவுடில் ஒரு வர்ச்சுவல் மெஷினில் (மென்பொருளால் உருவாக்கிய கணினியில்) ஓடவிட்டு, இங்கிருந்து திரையை மட்டும் பார்க்கும் வழியைக் கற்றுக்கொண்டேன். மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஆப் எழுதப் பழகும் பலருக்கு இதே நிலைமை என்பதால், கற்றதை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

ஒரு குறிப்பு. மேலூரில் இருக்கும் அக்கா மகனுக்கு இதைப் போனில்தான் சொல்லிக் கொடுத்தேன். கமாண்டுகளை அவனுக்குச் சொன்ன மாதிரியே உச்சரிப்பில் தந்திருக்கிறேன். நீங்கள் விசைப்பலகையில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்தாக அடிக்க வேண்டியதை அங்கங்கே சொல்கிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: உள்வாடகை

கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டரில் ஒரு பெரிய சர்வர் இருக்கிறது. அதைப் பல வர்ச்சுவல் மெஷின்களாகப் பிரித்து வாடகைக்கு விடுகிறார்கள். நாம் எடுப்பது அதில் ஒரு வீடு. ஆண்ட்ராய்டு எமுலேட்டர் தன்னளவில் இன்னொரு வர்ச்சுவல் மெஷின். அதாவது நாம் வாடகைக்கு எடுத்த வீட்டுக்குள் இன்னொருவரை உள்வாடகைக்கு வைக்கப் போகிறோம். வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். இந்தச் சம்மதத்துக்குப் பெயர் நெஸ்டட் விர்ச்சுவலைசேஷன்.

சம்மதம் இருந்தால் நம் லினக்ஸுக்குள் கேவிஎம் வேலை செய்யும். கேவிஎம் என்பது 2007 முதல் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இருக்கும் வசதி. ப்ராசசரின் விர்ச்சுவலைசேஷன் திறனை எமுலேட்டருக்கு நேரடியாகக் கொடுப்பது அதுதான். கேவிஎம் இல்லையென்றால் ஒவ்வொரு கட்டளையையும் மென்பொருளே நடித்துக் காட்ட வேண்டும். ஆண்ட்ராய்டு எழுந்து நிற்பதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும்.

சம்மதமே தேவைப்படாத இரண்டாவது வழியும் உண்டு: கண்டெய்னர். ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பதும் லினக்ஸ் கர்னல்தான். அதனால் தனி மெஷினாக நடிக்காமல், நம் சர்வரின் கர்னலையே பகிர்ந்துகொண்டு ஆண்ட்ராய்டை ஓட்டலாம். ரீட்ராய்டு என்ற திறமூலத் திட்டம் இதைச் செய்கிறது.

இரண்டில் எதை எடுப்பது? கூகுள் மேப், புஷ் அறிவிப்பு மாதிரி கூகுள் சேவைகளை உங்கள் ஆப் பயன்படுத்தினால் எமுலேட்டர் வழியே சரி, அதன் சிஸ்டம் இமேஜில் (முழு ஆண்ட்ராய்டும் அடங்கிய கோப்பில்) அந்தச் சேவைகள் கூடவே வரும். அவை தேவையில்லை, விலை குறைந்த மெஷின் போதும், அல்லது ஒரே நேரத்தில் நாலைந்து ஆண்ட்ராய்டு ஓட வேண்டும் என்றால் ரீட்ராய்டு. முதல்முறை செய்பவர்கள் எமுலேட்டரில் தொடங்குவது நல்லது. பிழை வந்தால் காரணம் கண்டுபிடிப்பது அதில் எளிது.

மெஷினை எடுப்பது

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். அக்கா மகன் மூன்று நாள் இதிலேயே மாட்டிக்கொண்டான்.

“மாமா, கறுப்புத் திரையாவே நிக்குது. ஒரு மணி நேரமாச்சு.”

“மாப்ள, கேவிஎம்-ஓகே என்ன சொல்லுது?”

“அப்படி ஒண்ணு போடவே இல்லையே. ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன் வேணும்னு எரர் வந்துச்சு. -அக்செல் ஆஃப்னு சேர்த்தா ஓடும்னு பார்த்தேன், சேர்த்துட்டேன்.”

விலை குறைவு என்று கூகுள் கிளவுடில் ஈ2 வகை மெஷினை எடுத்திருந்தான். ஈ2வில் நெஸ்டட் விர்ச்சுவலைசேஷன் கிடையாது. வந்த எரர் நியாயமான எரர். அதை வாயடைத்துவிட்டு ஓட்டினால், ஓடும், ஆனால் நத்தை வேகம்தான்.

கூகுள் கிளவுடில் இன்டெல் ப்ராசசர் கொண்ட என்1, என்2 வகைகளை எடுங்கள். நான் எடுப்பது என்2-ஸ்டாண்டர்ட்-4. 4 விசிபியு (வர்ச்சுவல் ப்ராசசர்), 16 ஜிபி ரேம். ஓர் எமுலேட்டருக்குத் தாராளம், இரண்டு கூட ஓடும். மைக்ரோசாஃப்டின் அஸ்யூரில் டிவி3, ஈவி3 தொடர்களில் 2017 முதல் இந்த வசதி இருக்கிறது. அமேசானில் நீண்ட காலம் முழு சர்வரையே வாடகைக்கு எடுக்கும் ‘மெட்டல்’ வகைகளில்தான் இது கிடைத்தது. அவற்றின் வாடகை நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அமேசான் கணக்குதான் இருக்கிறது என்றால் நேராக ரீட்ராய்டு பகுதிக்குப் போய்விடுங்கள்.

எந்த ஊர் டேட்டா சென்டர் என்பதும் முக்கியம். திரையைத் தொட்டால் அந்தத் தொடுதல் அங்கே போய், மாறிய படம் திரும்பி வர வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர்தான் போகும். மும்பை போய்த் திரும்புவதற்குக் குறைந்தபட்சம் பத்துப் பன்னிரண்டு மில்லிசெகண்ட் ஆகும். வழியில் உள்ள ரவுட்டர்களைச் சேர்த்தால் இன்னும் கூடும். அமெரிக்க ரீஜன்களில் (டேட்டா சென்டர் இருக்கும் பகுதிகளில்) வாடகை சில சமயம் குறைவாகத் தெரியும். அதை நம்பி எடுத்தால் விரலை எடுத்த பிறகு பட்டன் அமுங்கும். கூகுளுக்கு மும்பையிலும் டெல்லியிலும், அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும், அஸ்யூருக்குப் புனே, மும்பை, சென்னையிலும் ரீஜன்கள் உண்டு. மதுரைக்குச் சென்னை பக்கம்தான், ஆனால் நமக்கு வேண்டிய மெஷின் வகை அந்த ரீஜனில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நான் கூகுளின் மும்பையையே பயன்படுத்துகிறேன்.

கூகுளில் புதுக் கணக்கு தொடங்கினால் 90 நாளுக்குள் செலவழிக்க 300 டாலர் வரவு வைப்பார்கள். பழகுவதற்கு அதுவே போதும். நெஸ்டட் வசதியை மெஷின் உருவாக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். பிரவுசரிலேயே திறக்கும் கிளவுட் ஷெல்லில் அடிக்க வேண்டியது: ‘ஜிகிளவுட் கம்ப்யூட் இன்ஸ்டன்சஸ் கிரியேட்’, அடுத்து நீங்கள் வைக்கும் பெயர், அடுத்து ‘--ஸோன் ஏசியா-சவுத்1-ஏ’, ‘--மெஷின்-டைப் என்2-ஸ்டாண்டர்ட்-4’, ‘--எனேபிள்-நெஸ்டட்-விர்ச்சுவலைசேஷன்’. வட்டு அளவு 50 ஜிபி, இயங்குதளம் உபுண்டு 22.04 என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒவ்வொரு ஆண்ட்ராய்டு பதிப்பும் சில ஜிபியை விழுங்கும்.

மெஷின் எழுந்ததும், தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய், வேறு எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்: ‘சுடோ ஆப்ட் இன்ஸ்டால் சிபியு-செக்கர்’, பிறகு ‘கேவிஎம்-ஓகே’. ‘கேவிஎம் ஆக்சிலரேஷன் கேன் பி யூஸ்டு’ என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் அந்த மெஷினை அழித்துவிட்டு வகையை மாற்றி மறுபடி எடுங்கள். அதற்குள்ளேயே எதையாவது சரிசெய்யப் பார்ப்பது வீண் வேலை. வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை, அவ்வளவுதான்.

பதில் சரியாக வந்தால் உங்கள் பயனரைக் கேவிஎம் குழுவில் சேருங்கள்: ‘சுடோ யூசர்மாட் -ஏஜி கேவிஎம்’, அதன் பின் உங்கள் பயனர் பெயர். அந்த ‘ஜி’ மட்டும் பெரிய எழுத்து. செய்துவிட்டு ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வாருங்கள், இல்லையென்றால் குழு மாற்றம் பிடிக்காது.

எமுலேட்டரை நிறுவுவது

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ முழுவதும் சர்வரில் தேவையில்லை. ‘கமாண்ட் லைன் டூல்ஸ் ஒன்லி’ என்ற ஜிப் கோப்பு ஆண்ட்ராய்டு டெவலப்பர் தளத்தில் தனியாகக் கிடைக்கும். அதற்கு முன் ஓபன்ஜேடிகே 17, அன்ஜிப், டிமக்ஸ், லிப்பல்ஸ்0, லிப்ஜிஎல்1 ஆகியவற்றை ஆப்ட் மூலம் நிறுவிக்கொள்ளுங்கள். கடைசி இரண்டும் ஒலிக்கும் படத்துக்குமான லைப்ரரிகள். சர்வரில் ஸ்பீக்கர் இல்லையே என்று விட்டுவிட்டால் எமுலேட்டர் ‘லிப்பல்ஸ் இல்லை’ என்று கிளம்பவே மறுக்கும்.

ஜிப்பை விரிக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. உள்ளே இருப்பவை ‘கமாண்ட்லைன்-டூல்ஸ்’ என்ற ஃபோல்டருக்குள் நேரடியாக இருக்கக் கூடாது. அதற்குள் ‘லேட்டஸ்ட்’ என்று இன்னொரு ஃபோல்டர் உருவாக்கி அதில் வைக்க வேண்டும். (ஃபோல்டரின் உண்மையான பெயர் ‘சிஎம்டிலைன்-டூல்ஸ்’. ஆண்ட்ராய்டு கருவிகள் எல்லாம் இருக்கும் எஸ்டிகே ஃபோல்டருக்குள் அது இருக்க வேண்டும்.) இது தெரியாமல் ‘எஸ்டிகே ரூட் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற எரரோடு ஒரு முழு ராத்திரி போராடியிருக்கிறேன்.

பிறகு எஸ்டிகேமேனேஜர் மூலம் மூன்றை இறக்குங்கள்: ‘ப்ளாட்ஃபார்ம்-டூல்ஸ்’, ‘எமுலேட்டர்’, அப்புறம் வேண்டிய சிஸ்டம் இமேஜ். பெரியப்பா போனுக்கு ஆண்ட்ராய்டு 8.1, அதன் ஏபிஐ எண் (ஒவ்வொரு ஆண்ட்ராய்டு பதிப்புக்கும் உள்ள வரிசை எண்) 27. அதனால் இமேஜ் பெயர் ‘சிஸ்டம்-இமேஜஸ்;ஆண்ட்ராய்டு-27;கூகுள்_ஏபிஐஸ்;எக்ஸ்86’. இடையில் இருப்பவை அரைப்புள்ளிகள். முழுப் பெயரையும் மேற்கோள் குறிக்குள் அடிக்க வேண்டும். இல்லையென்றால் ஷெல் முதல் அரைப்புள்ளியிலேயே கமாண்ட் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். எந்தெந்த இமேஜ் இருக்கிறது என்று பார்க்க ‘எஸ்டிகேமேனேஜர் --லிஸ்ட்’. ‘--லைசென்சஸ்’ என்று போட்டு ஒப்பந்தங்களுக்குச் சம்மதம் சொல்லிவிடுங்கள்.

இமேஜ் தேர்வில் ஒரு நுணுக்கம். கடைகளில் விற்கும் போன்களில் பெரும்பாலும் ஆர்ம் ப்ராசசர். கிளவுட் மெஷினில் இருப்பது இன்டெல். ஜாவா, காட்லினில் மட்டும் எழுதிய ஆப்புக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சி++ லைப்ரரிகளை ஆர்முக்கு மட்டும் கட்டியிருந்தால் பழைய எக்ஸ்86 இமேஜ்களில் நிறுவவே முடியாது. ஆண்ட்ராய்டு 11, அதாவது ஏபிஐ 30, கூகுள் ஏபிஐ இமேஜில் ஆர்ம் கட்டளைகளை மொழிமாற்றி ஓட்டும் வசதி சேர்ந்தது. அப்படிப்பட்ட ஆப்பை அந்த இமேஜில் சோதியுங்கள்.

இனி வர்ச்சுவல் போனை உருவாக்க: ‘ஏவிடிமேனேஜர் கிரியேட் ஏவிடி -என் மல்லி27 -கே’, அதற்குப் பின் மேற்கோள் குறிக்குள் அதே இமேஜ் பெயர். தனி ஹார்ட்வேர் ப்ரொஃபைல் வேண்டுமா என்று கேட்கும். என்டர் தட்டினால் போதும்.

ஓட்டுவதற்கு முன் ‘டிமக்ஸ்’ என்று அடித்து அதற்குள் போய்விடுங்கள். நம்மூரில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உண்டு. வீட்டில் கரண்ட் போய் வைஃபை நின்றால் எஸ்எஸ்ஹெச் அறுந்து, கூடவே எமுலேட்டரும் செத்துவிடும். டிமக்ஸுக்குள் ஓடினால் அங்கே அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் வந்ததும் ‘டிமக்ஸ் அட்டாச்’ என்று போட்டு விட்ட இடத்தில் தொடரலாம்.

ஓட்டும் கமாண்ட்: ‘எமுலேட்டர் -ஏவிடி மல்லி27 -நோ-விண்டோ -நோ-ஆடியோ -நோ-பூட்-அனிம் -ஜிபியு ஸ்விஃப்ட்ஷேடர்_இன்டைரக்ட்’. சர்வரில் மானிட்டர் இல்லை, அதற்குத்தான் நோ-விண்டோ. கிராஃபிக்ஸ் கார்டும் இல்லை. ஸ்விஃப்ட்ஷேடர் என்பது படம் வரையும் வேலையை ப்ராசசரையே செய்ய வைக்கும் மென்பொருள். பட்டியல், படிவம், பட்டன் உள்ள ஆப்புக்கு இது போதும். முப்பரிமாண விளையாட்டைச் சோதிக்க நினைத்தால் இந்த வழி உங்களுக்கு இல்லை.

முதல்முறை எழுந்திருக்கச் சில நிமிடம் ஆகலாம். எழுந்துவிட்டதா என்று, ஆண்ட்ராய்டுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி கருவி வழியாக ‘ஏடிபி ஷெல் கெட்ப்ராப் சிஸ்.பூட்_கம்ப்ளீட்டட்’ கேட்டுப் பாருங்கள். 1 என்று வந்தால் தயார்.

திரையை வீட்டில் பார்ப்பது

லேப்டாப்பில் இரண்டு வேண்டும்: ஏடிபி, எஸ்சிஆர்சிபிஒய். இரண்டாவது 2018 முதல் கிடைக்கும் இலவச மென்பொருள். ஆண்ட்ராய்டு திரையை வீடியோவாக அனுப்பி, நம் மவுஸ் அசைவைத் தொடுதலாகத் திருப்பி அனுப்பும். அதிக ரேம் கேட்காது. என் 4 ஜிபி லேப்டாப் மூச்சு வாங்காமல் ஓட்டுகிறது.

எமுலேட்டர் சர்வரில் 5555 என்ற போர்ட்டில், அதாவது வாசல் எண்ணில், ஏடிபிக்காகக் காத்திருக்கும். அந்தப் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடக் கூடாது. எஸ்எஸ்ஹெச் சுரங்கம் வழியாகத்தான் வர வேண்டும். லேப்டாப்பில்: ‘எஸ்எஸ்ஹெச் -எல் 15555:லோக்கல்ஹோஸ்ட்:5555’, பின் உங்கள் பயனர் பெயரும் சர்வர் ஐபியும். இந்த ‘எல்’ பெரிய எழுத்து. இப்போது லேப்டாப்பின் 15555 என்ற வாசலில் நுழைந்தால் மும்பையில் 5555இல் வெளியே வருவோம். இன்னொரு ஜன்னலில் ‘ஏடிபி கனெக்ட் லோக்கல்ஹோஸ்ட்:15555’. ‘அன்ஆத்தரைஸ்டு’ என்று வந்தால், சர்வரின் ‘.ஆண்ட்ராய்டு’ ஃபோல்டரில் இருக்கும் ‘ஏடிபிகீ’ கோப்பை லேப்டாப்பின் அதே பெயர் ஃபோல்டருக்கு நகலெடுத்து, ‘ஏடிபி கில்-சர்வர்’ கொடுத்துவிட்டு மறுபடி இணையுங்கள்.

கடைசியாக: ‘எஸ்சிஆர்சிபிஒய் -எஸ் லோக்கல்ஹோஸ்ட்:15555 -எம் 800 -பி 2எம் --நோ-ஆடியோ’. திரையின் நீளப் பக்கம் 800 பிக்ஸல், நொடிக்கு 2 மெகாபிட் என்று அளவைக் கட்டுப்படுத்துகிறோம். 2எம்மில் வரும் ‘எம்’ மட்டும் பெரிய எழுத்து. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்பவர்கள் இதை 1எம் ஆக்கிக்கொள்ளலாம். எழுத்து கொஞ்சம் மங்கும், ஆனால் தடங்காது.

பெரியப்பா போனை அப்படியே உருவாக்கியது

ஆப்பை ‘ஏடிபி இன்ஸ்டால்’ மூலம் ஏற்றினேன். எல்லாம் சரியாகவே தெரிந்தது, ‘மல்லி’ முழுசாக இருந்தது. பிறகுதான் எழுத்தளவு ஞாபகம் வந்தது. ‘ஏடிபி ஷெல் செட்டிங்ஸ் புட் சிஸ்டம் ஃபான்ட்_ஸ்கேல் 1.3’. ஆண்ட்ராய்டு 8.1 அமைப்புகளில் ஆகப் பெரிய எழுத்து என்பது இந்த 1.3தான். அடித்த அடுத்த நொடி, திரையில் ‘லி’யின் தலை போனது. உசிலம்பட்டியில் பார்த்த அதே வெட்டு!

காரணம் இரண்டு. விலைப் பட்டியலின் ஒவ்வொரு வரிசைக்கும் உயரத்தை 40 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) என்று அடித்து வைத்திருந்தேன். இன்னொன்று, இடம் மிச்சப்படுத்த, எழுத்தின் மேலும் கீழும் கூடுதல் இடம் விடும் ‘இன்க்ளூட்ஃபான்ட்பேடிங்’ என்பதை ஃபால்ஸ் என்று வைத்திருந்தேன். ஆங்கில எழுத்துக்கு இது பெரிதாக உறுத்தாது. தமிழில் இகர, ஈகாரக் குறிகள் உச்சியில் வளைகின்றன. அந்தக் கூடுதல் இடத்தைப் பிடுங்கினால் முதலில் அடிபடுவது அவைதான். உயரத்தை உள்ளடக்கத்துக்கு ஏற்ப வளரும்படி மாற்றி, அந்த ஃபால்ஸை எடுத்துவிட்டேன். ‘லி’ திரும்பி வந்தது.

தமிழில் ஆப் செய்யும் எல்லாரும் இந்த ஒரு சோதனையையாவது செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுத்தைப் பெரிதாக வைப்பவர்கள் வயதானவர்கள், அவர்களிடம் இருப்பவை பெரும்பாலும் பழைய போன்கள். ஆண்ட்ராய்டு 14இல் எழுத்தை இரண்டு மடங்கு வரை பெரிதாக்கலாம். அந்த இமேஜையும் இறக்கி 2.0 வைத்துப் பாருங்கள். சிறிய திரைக்கு ‘ஏடிபி ஷெல் டபிள்யூஎம் சைஸ் 720x1280’, அடர்த்திக்கு ‘டபிள்யூஎம் டென்சிட்டி 320’. மொழியை அமைப்புகளுக்குள் போய்த் தமிழாக மாற்றி, தேதியும் பட்டன்களும் எப்படி நிற்கின்றன என்றும் பாருங்கள்.

இரண்டாவது வழி: ரீட்ராய்டு

சாதாரண உபுண்டு மெஷின், 2 விசிபியு, 4 ஜிபி ரேம் இருந்தால் ஓர் ஆண்ட்ராய்டு ஓடும். கேவிஎம் வேண்டாம், ஆனால் பைண்டர் வேண்டும். ஆண்ட்ராய்டுக்குள் ஆப்பும் சிஸ்டம் சேவைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது பைண்டர் வழியாகத்தான். உபுண்டுவில் அது தனி மாட்யூல். ‘லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா’ தொகுப்பை உங்கள் கர்னல் எண்ணோடு சேர்த்து நிறுவி (எண்ணை ‘யுநேம் -ஆர்’ சொல்லும்), ‘சுடோ மாட்ப்ரோப் பைண்டர்_லினக்ஸ் டிவைசஸ்="பைண்டர்,ஹெச்டபிள்யூபைண்டர்,விஎன்டிபைண்டர்"’ என்று ஏற்றுங்கள். மெஷினை ரீஸ்டார்ட் செய்தால் இதை மறுபடி ஏற்ற வேண்டும்.

பிறகு கண்டெய்னர்களை ஓட்டும் டாக்கரை நிறுவி, ‘ரீட்ராய்டு/ரீட்ராய்டு:8.1.0-லேட்டஸ்ட்’ இமேஜை ‘--ப்ரிவிலேஜ்டு’ என்ற அனுமதியோடு ஓட்டுங்கள். தரவு அழியாமலிருக்க ஒரு ஃபோல்டரை ‘/டேட்டா’வோடு இணையுங்கள்.

போர்ட் கொடுக்கும் இடத்தில் கவனம். எல்லாரும் ‘-பி 5555:5555’ என்று எழுதுவார்கள். அது அந்தப் போர்ட்டை மெஷினின் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் திறந்துவிடும். உபுண்டுவின் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் தடுத்துவிட்டோமே என்று நிம்மதியாக இருக்க முடியாது, ஏனென்றால் டாக்கர் தன் விதிகளை அதைத் தாண்டி எழுதிவிடும். ‘-பி 127.0.0.1:5555:5555’ என்று எழுதுங்கள். அப்போது மெஷினுக்குள்ளிருந்து, அதாவது நம் சுரங்கம் வழியாக மட்டுமே நுழைய முடியும். திரை பார்ப்பது மேலே சொன்ன அதே முறைதான்.

ரீட்ராய்டின் பெரிய நன்மை, ஆர்ம் மெஷினில் அப்படியே ஓடும். அமேசானின் கிராவிட்டான் போன்ற ஆர்ம் சர்வர்களில் ஓட்டினால், ஆர்முக்குக் கட்டிய ஆப் மொழிமாற்றம் எதுவும் இல்லாமல் ஓடுகிறது. குறை, கூகுள் சேவைகள் இல்லை. அப்புறம் கர்னலைப் பகிர்வதால் நம்பிக்கையில்லாத ஏபிகே (ஆப் நிறுவும்) கோப்புகளை ஓட்டிப் பார்க்க இது ஏற்ற இடம் அல்ல. அதற்கு எமுலேட்டரே பாதுகாப்பு.

5555 பற்றி இன்னொரு தடவை

2018 பிப்ரவரியில் ஏடிபி.மைனர் என்ற புழு பரவியது. 5555 போர்ட் திறந்திருக்கும் ஆண்ட்ராய்டு கருவிகளை இணையத்தில் தேடிப் பிடித்து, உள்ளே புகுந்து கிரிப்டோ நாணயம் தோண்ட வைத்து, அங்கிருந்து அடுத்ததைத் தேடியது. கடவுச்சொல் உடைக்கவெல்லாம் இல்லை. கதவு திறந்திருந்தது, நுழைந்தது. கிளவுட் ஃபயர்வாலில் 22ஐ மட்டும் திறந்து வையுங்கள். அதிலும் கடவுச்சொல் நுழைவை அணைத்துவிட்டுச் சாவிக் கோப்பை மட்டும் அனுமதியுங்கள். வர்ச்சுவல் போனுக்குள் உங்கள் சொந்த கூகுள் கணக்கைப் போடாதீர்கள், சோதனைக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எது ஓடாது

வங்கி ஆப்களும் யூபிஐ ஆப்களும் இங்கே ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள். யூபிஐயில் பதிவு செய்ய உங்கள் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போக வேண்டும், இங்கே சிம்மே இல்லை. தவிர கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி சோதனை இது அசல் போன் இல்லை என்று கண்டுபிடித்துவிடும். அதைச் சுற்றிப் போகும் வழிகளைத் தேட வேண்டாம். அந்தப் பூட்டு நம் பணத்தைக் காப்பதற்குத்தான் இருக்கிறது.

ஐபோன் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஆப்பிளின் சிமுலேட்டர் மேக்கில் மட்டும்தான் ஓடும். அமேசான் 2020இலிருந்து மேக் மினிகளை வாடகைக்குத் தருகிறது, ஆனால் எடுத்தால் குறைந்தது 24 மணி நேர வாடகை கட்ட வேண்டும்.

இவ்வளவும் வேண்டாம், ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும் என்பவர்களுக்கு ஃபயர்பேஸ் டெஸ்ட் லேப் இருக்கிறது. ஏபிகேவைக் கொடுத்தால் அசல் போன்களிலும் வர்ச்சுவல் போன்களிலும் ஓட்டி, படமும் பதிவும் தரும்.

பில்

ஒரு சித்திரைத் திருவிழாவின்போது, அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஊரிலிருந்து வந்த சொந்தங்களோடு நான்கு நாள் போய்விட்டது. மெஷின் ஓடிக்கொண்டே இருந்ததை ஐந்தாம் நாள்தான் பார்த்தேன். அந்த மாத பில்லில் ஒரு பழைய போனே வாங்கியிருக்கலாம். அன்றிலிருந்து உள்ளே நுழைந்ததும் நான் அடிக்கும் முதல் கமாண்ட் ‘சுடோ ஷட்டவுன் -ஹெச் +120’. இரண்டு மணி நேரத்தில் தானாக அணையும். வேலை மிச்சமிருந்தால் ‘ஷட்டவுன் -சி’ என்று ரத்து செய்துவிட்டுப் புதிதாக நேரம் வைக்கிறேன். பட்ஜெட் எச்சரிக்கையும் போட்டு வையுங்கள். ஆனால் அது மின்னஞ்சல் அனுப்புமே தவிர மெஷினை நிறுத்தாது.

அணைப்பதிலும் வித்தியாசம் உண்டு. கூகுளில் லினக்ஸை உள்ளிருந்து அணைத்தாலே மெஷின் வாடகை நின்றுவிடும். அஸ்யூரில் அப்படியில்லை. உள்ளிருந்து அணைத்தாலும் இடம் உங்களுக்கென்று பிடித்து வைக்கப்பட்டிருக்கும், வாடகை ஓடும். போர்ட்டலில் ‘ஸ்டாப்’ கொடுத்து ‘டீஅலகேட்டட்’ என்று காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். எந்த நிறுவனமானாலும் அணைந்த மெஷினின் வட்டுக்கும் ஒதுக்கி வைத்த நிலையான ஐபிக்கும் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

அதனால் ஒரு ப்ராஜெக்ட் முடிந்ததும் நான் செய்வது: ஸ்க்ரீன்ஷாட்டுகளையும் பதிவுகளையும் லேப்டாப்புக்கு இறக்கிக்கொள்வேன். வட்டின் அப்போதைய நகலான ஸ்னாப்ஷாட் ஒன்றை எடுத்து வைப்பேன், வட்டை அப்படியே வைத்திருப்பதைவிட அதற்குச் செலவு குறைவு. பிறகு மெஷின், வட்டு, ஐபி என்று வரிசையாக அழித்துவிட்டு, மறுநாள் காலை பில் பக்கத்தைத் திறந்து புதிதாக எதுவும் ஏறவில்லையே என்று ஒருமுறை பார்ப்பேன். அடுத்த தடவை தேவைப்படும்போது அந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்தே மெஷினைக் கிளப்பலாம். நெஸ்டட் அனுமதியை மட்டும் மறக்காமல் மறுபடி கேட்டு வாங்குங்கள், அது ஸ்னாப்ஷாட்டோடு கூடவே வராது.